மலைக்குப் பெயர் கொடுக்கும் முன்: ஏற்காடா, இருநூறு பி.ஆர்.எம்.மா, நீலகிரிச் சுற்றா?

மலை ஏறும் சைக்கிள் ரைடு அறிவிப்புகளில் கொட்டை எழுத்தில் இருப்பது தூரம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'மொத்த ஏற்றம்' என்று ஒரு வரி இருக்கும். நம் நாள் எப்படிப் போகும் என்பது அந்த வரியில்தான் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கி.மீ. அலுக்காமல் போய்வருகிறவர், 80 கி.மீ. தூரமும் 2,000 மீட்டர் ஏற்றமும் உள்ள ரைடில் பத்தாவது வளைவில் இறங்கித் தள்ளுவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் உடம்பில் குறையிருக்காது. வீட்டிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போடாமல் வந்திருப்பார்.

கணக்கு எளிதுதான். ஓட்டுகிறவர் 70 கிலோ. சைக்கிள், தண்ணீர், கருவிகள் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று நாள் ஓட்டிப் பழகியவர் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு விடாமல் 150 வாட் மிதிதிறன் கொடுக்கலாம். எட்டு சதவீதச் சரிவில் அந்த 150 வாட்டுக்குக் கிடைப்பது மணிக்கு ஏழு கி.மீ.க்குச் சற்று மேல். உயரத்தில் சொன்னால் மணிக்கு 580 மீட்டர். சரிவு ஆறு சதவீதமாகக் குறைந்தால் வேகம் ஒன்பதைத் தாண்டும், ஆனால் உயரக் கணக்கு 560, 570 என்று அங்கேயேதான் நிற்கும். அதனால் 'நான் மணிக்கு எத்தனை மீட்டர் ஏறுவேன்' என்ற ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மலையையும் அளந்துவிடலாம்.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வாட் மீட்டர் வேண்டாம். அடிவாரத்தில் நேரம் பாருங்கள், துண்டு துண்டாகவாவது பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள், உச்சியில் நேரம் பாருங்கள். 600 மீட்டர் ஏற ஒரு மணி பத்து நிமிடம் ஆனால் உங்கள் எண் 515. இதிலிருந்து பத்து சதவீதம் கழித்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது மணி நேரத்திலும், வெயிலிலும், 2,000 மீட்டருக்கு மேலேயும் யாருக்கும் முதல் மணியின் எண் இருக்காது.

இனி, காசு கட்டுவது எதற்கு என்ற கேள்வி. மலை ஏற அமைப்பாளர் யாரும் தேவையில்லை. சாலை இருக்கிறது, தேநீர்க் கடை இருக்கிறது. அமைப்பாளரின் அருமை தெரிவது வேறு இடங்களில்: நனைந்த இறக்கத்தில், டிரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பாகம்) ஒடிந்து நிற்கும் வளைவில், ஏறி முடித்த பிறகு மாற்றுடையும் சூடான சாப்பாடும் வேண்டியிருக்கும் நேரத்தில். கீழே வரும் ஒவ்வொரு வகையையும் அந்த இடத்தில் நின்று பார்ப்பதுதான் சரி.

ஒரே மலை, ஒரே காலை

நகரத்துக் குழுக்கள் ஞாயிறுகளில் நடத்தும் ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை ரைடுகள் இந்த வகை. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருப்பதால் யார்வரை வந்தோம் என்று எண்ணிக்கொண்டே ஏறலாம். ஏற்றம் 600 மீட்டரை ஒட்டி வரும். சென்னைக்காரர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் அருகில் இல்லை. ஜோலார்பேட்டையில் ரயிலிலிருந்து இறங்கினால் அடிவாரம் பக்கத்தில்தான். ஏற்காடு சேலம் பக்கத்திலிருந்து 20 வளைவுகள், ஆயிரம் மீட்டரை ஒட்டிய ஏற்றம். கொல்லிமலைக்கு 70 வளைவுகள். அவை அடுக்கடுக்காக வருவதால் ஒரே தாளத்தில் மிதிக்க விடாது. ஒவ்வொரு வளைவின் உள்பக்கமும் திடீரெனச் செங்குத்தாகும், வெளிப்பக்கம் சற்றே தளரும். எதிரே வண்டி வராதபோது வெளிப்பக்கமாகவே எடுத்தால் முழங்கால் தப்பிக்கும்.

செலவு குறைவு, மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். குறை என்னவென்றால், பெரும்பாலான குழுக்கள் ஏற்றத்தைத்தான் நடத்துகின்றன. உச்சியில் குழுப்படம் எடுத்ததும் ஆளுக்கொரு நேரத்தில் இறங்கிப் போய்விடுகிறார்கள். பெயர் கொடுக்கும் முன் 'கடைசி ஆள் அடிவாரம் வரும்வரை பின்னால் வண்டி இருக்குமா?' என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கட்டணம் தண்ணீர் பாட்டிலுக்கும் பதக்கத்துக்கும்தான். நாலு நண்பர்கள் சேர்ந்து தாங்களே போகலாம். ஏற்காட்டில் எட்டு மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகள் ஏறத் தொடங்கிவிடும் என்பதால் ஐந்தரைக்கெல்லாம் அடிவாரத்தை விட்டுவிட வேண்டும்.

மலை உள்ள இருநூறு

பி.ஆர்.எம். என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ரைடு. அதற்கு விதி வகுப்பது பாரிஸின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியாவின் கீழ் உள்ளூர்க் குழுக்கள் நடத்துகின்றன. 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. பலர் கவனிக்காமல் விடுவது இதை: பாதை முழுக்கச் சமவெளியானாலும் சரி, கோத்தகிரி ஏறி குன்னூர் வழியாக இறங்கினாலும் சரி, நேரம் ஒன்றுதான். மலைக்கென்று ஒரு நிமிடச் சலுகையும் கிடையாது.

3,000 மீட்டர் ஏற்றம் உள்ள ஒரு இருநூறை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 550 மீட்டர் ஏறுகிறவருக்கு ஏற்றம் மட்டும் ஐந்தரை மணி நேரம். ஆறு சதவீதச் சரிவென்றால் அதில் தீர்வது 50 கி.மீ. இறக்கம் 50 கி.மீ., மணிக்கு 30 என்றால் ஒன்றே முக்கால் மணி. மீதி 100 கி.மீ.யை மணிக்கு 22-இல் ஓட்டினால் நாலரை மணி. கூட்டினால் பதினொன்றே முக்கால். சாப்பாடு, பஞ்சர், வழியில் உள்ள கட்டுப்பாட்டு இடங்களில் அட்டையில் முத்திரை வாங்குதல், சட்டை மாற்றுதல் எல்லாவற்றுக்கும் கையிருப்பு ஒன்றே முக்கால் மணி நேரம்தான். அதே ஆள் சமவெளி இருநூறை அதே 22-இல் ஓட்டினால் நாலரை மணிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருக்கும். இரண்டும் ஒரே '200' என்று அட்டையில் பதிவாகும்.

இன்னொரு பொறி, இடையில் வரும் அந்தக் கட்டுப்பாட்டு இடங்கள். ஒவ்வொன்றும் மூடும் முன் போய்ச் சேர வேண்டும். முதல் 60 கி.மீ.க்குப் பிறகு மூடும் நேரம் மணிக்கு 15 கி.மீ. என்ற கணக்கில் வரும். நாற்பது கி.மீ. சமவெளி, பிறகு 30 கி.மீ.யில் 1,500 மீட்டர் ஏற்றம், உச்சியில் முத்திரை என்று பாதை இருந்தால், 70-ஆவது கி.மீ. மூடுவது நாலு மணி நாற்பது நிமிடத்தில். மேலே சொன்ன ஆள் சமவெளியை மணிக்கு 24-இல் ஓட்டினாலும், எங்கும் நிற்காமல் ஏறினாலும், அங்கே சேர நாலு மணி இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஒரு பஞ்சர் போதும், கணக்கு கவிழ்ந்துவிடும். பாதை வரைபடம் வந்ததும் ஒவ்வொரு கட்டுப்பாட்டு இடத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டு, டாப் டியூபில் (சைக்கிளின் மேல் குழாயில்) ஒரு துண்டுத் தாளாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

பி.ஆர்.எம்.மின் அடிப்படை தற்சார்பு. சொந்த வண்டி பின்னால் வந்து உதவக் கூடாது. கட்டுப்பாட்டு இடங்களில் மட்டுமே உதவி. முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் மேலாடை கட்டாயம். ஆக, நனைந்த இறக்கத்தில் நீங்கள் தனி ஆள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மரபே அதுதான், அதன் பெருமையும் அதுதான். ஆனால் மலை இறக்கமே புதிது என்றால் முதல் பாடத்தை இங்கே படிக்க வேண்டாம். பிரான்ஸின் நெடுந்தூர ரைடான பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் அடுத்து நடப்பது 2027-இல். அதில் இடம் பெற ஒரே ஆண்டில் 200, 300, 400, 600 சேர்ப்பவர்களுக்கு எங்கள் ஆலோசனை: கணக்குக்கான இருநூறைச் சமவெளியில் முடித்துவிடுங்கள், மலை இருநூறை அதற்குப் பிறகு தனியாகப் போடுங்கள். அட்டையில் இரண்டும் ஒன்றானாலும் உடம்புக்கு ஒன்றல்ல. பாரிஸ் பாதை தட்டையே அல்ல என்பதால் மலை இருநூறு வீண்போகாது.

முதுமலை, பந்திப்பூர் வழியாகப் பாதை இருந்தால் இன்னொன்று பார்க்க வேண்டும். அந்தக் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். பின்தங்கினால் நேரம் மட்டுமல்ல, வழியே இருக்காது.

நீலகிரிச் சுற்று

2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் டிசம்பரில் நடப்பது; கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் என்று மூன்று மாநிலச் சாலைகளில், ஏறத்தாழ எட்டு நாள். பைகளை வண்டி கொண்டுவரும், மெக்கானிக் உண்டு, வழியில் தீனி உண்டு, களைத்தவரை ஏற்றிக்கொள்ள வண்டி உண்டு. போட்டி ஆர்வம் உள்ளவர்களுக்கு நேரம் பார்க்கும் பகுதிகள் தனியே உண்டு.

கட்டணத்தைப் பார்த்ததும் பலர் தயங்குகிறார்கள். அதை ஏற்காட்டு ஞாயிறோடு ஒப்பிடக் கூடாது. எட்டு நாள் தங்கும் இடம், சாப்பாடு, உதவி வண்டி என்று நீங்களே ஏற்பாடு செய்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, எங்கள் கணிப்பில், இந்த மூன்றில் காசுக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான். முன்பு சொன்ன மூன்று இடங்களிலும் (நனைந்த இறக்கம், ஒடிந்த டிரெயிலர், ஏறி முடித்த பிறகு) யாரோ ஒருவர் பக்கத்தில் இருக்கிறார்.

சவால் வேறு மாதிரி. முதல் நாளை யாரும் முடித்துவிடுவார்கள். மூன்றாம் நாள் காலையில்தான் தெரியும். இருக்கையில் பட்ட சிறு புண் அன்றைக்குப் பெரிதாகியிருக்கும். முதல் நாளில் கெத்தாக ஏறியவரின் தொடை கல்லாகக் கனக்கும். தயாராவதற்கு ஒரே நாளில் 160 கி.மீ. ஓட்டுவதைவிட, சனி 90, ஞாயிறு 90 என்று அடுத்தடுத்து ஓட்டுவதுதான் பயன். அப்படி நாலைந்து வார இறுதிகளாவது வேண்டும். திணிப்பு வைத்த கால்சட்டை மூன்று வேண்டும்: ஒன்று உடம்பில், ஒன்று காய்வதில், ஒன்று பையில். டிசம்பர் மலைப் பனியில் முதல் நாள் துவைத்தது மறுநாள் காலைக்குள் காயாது. பிரேக் பேட் இரண்டு ஜோடி கூடுதலாக வையுங்கள். மழையும் மண்ணும் சேர்ந்தால் ரெசின் பேட்கள் ஒரே நாளில் தேய்ந்து உலோகம் தெரிவது உண்டு. மெக்கானிக்கிடம் உங்கள் மாடலுக்கான பேட் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

இந்தச் சுற்றின் பெயர்பெற்ற ஏற்றம் கல்லட்டி. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 12 கி.மீ.க்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல். சராசரியே எட்டு சதவீதத்தைத் தாண்டுகிறது, நடுவில் மூச்சு வாங்கத் தட்டையான இடம் என்று அதிகம் இல்லை. குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் ஏறிவிட்டோம், இதுவும் அப்படித்தான் என்று நினைத்து வருகிறவர்கள் அடி வாங்குவது இங்கேதான். மேட்டுப்பாளையத்திலிருந்து போகும் அந்தச் சாலைகள் சீராக, ஐந்து, ஆறு சதவீதத்தில் ஏறுபவை. மொத்த உயரம் அங்கே அதிகம், சரிவு இங்கே அதிகம். அந்தச் சாலைகளில் மன்னிக்கப்படும் கியர் கல்லட்டியில் மன்னிக்கப்படாது.

கியர்: பெயர் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டியது

மணிக்கு 7.3 கி.மீ. வேகத்தில் எட்டு சதவீதம் ஏறும் அதே ஆளை எடுத்துக்கொள்வோம். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் பெடல் நிமிடத்துக்கு 48 சுற்று. பின்னால் 34 போட்டால் 58. முன்னால் 30 உள்ள கிராங்கும் பின்னால் 34-உம் என்றால் 66. பழைய ரோடு பைக்குகளில் வரும் 39-க்கு 25 என்றால் 37 சுற்றுதான். ஐம்பதுக்குக் கீழே மணிக்கணக்கில் மிதித்தால் மூச்சுக்கு முன்னால் முழங்கால் கெடும். சரிவு பத்து சதவீதமானால் 34-28 இன்னும் இறங்கி 39 சுற்றுக்கு வரும். அது நின்றுகொண்டே மிதிக்கிற நிலை.

எனவே சமவெளிக்காரர்களுக்கு 34-34 குறைந்தபட்சம். ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். முன்னால் 28, பின்னால் 28 இருந்தாலே அதே விகிதம் கிடைத்துவிடும். வண்டி கனமாக இருந்தாலும் மலையில் பல ரோடு பைக்குகளைவிட நிம்மதியாக ஏறும்.

கேசட் (பின்சக்கரப் பல்லடுக்கு) மாற்றும்போது நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, பின் டிரெயிலரைப் பார்க்காமல் மாற்றுவது. ஷிமானோவின் 105 என்ற கியர் தொகுப்பின் 11 வேக வகையில், செயின் ஓடும் கூண்டு குட்டையான டிரெயிலர் 30 பல்வரைதான் தாங்கும். 34-க்கு நீளக் கூண்டு வேண்டும். குட்டைக் கூண்டோடு 34 போட்டால் டிரெயிலரின் மேல் சக்கரம் பல்லில் உரசும். 12 வேக 105-இல் ஒரே கூண்டு 36 வரை எடுத்துக்கொள்ளும், அங்கே இந்தச் சிக்கல் இல்லை. இரண்டாவது, பழைய செயினை அப்படியே விடுவது. முன்னால் பெரிய பல்லும் பின்னால் பெரிய பல்லும் சேரும்போது நீளம் போதாத செயின் டிரெயிலரைப் பிடுங்கி ஸ்போக்கில் விட்டுவிடும். மலைக்குப் போகும் முன் ஸ்டாண்டில் வைத்து, கையால் மெதுவாகச் சுற்றி, அந்தச் சேர்க்கைக்கு மாற்றிப் பாருங்கள். 11 வேகத்தின் 11-34 கேசட் சிலவற்றை ரோடு பைக் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) போட 1.85 மி.மீ. வளையம் வேண்டும். அதை மறந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடும். இதையெல்லாம் ரைடுக்கு முந்தைய நாள் செய்யாமல் இரண்டு வாரம் முன்பே செய்து, ஒரு மலையில் சோதித்துவிட வேண்டும்.

இறக்கம்

மலை ரைடுகளில் ஆள் அடிபடுவது பெரும்பாலும் இறங்கும்போது. 85 கிலோ ஆயிரம் மீட்டர் இறங்கினால் 800 கிலோஜூலுக்கு மேல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். பயந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் காற்றுக்குப் போக வேண்டியதும் பிரேக்குக்கே போகிறது. ரிம் பிரேக்கில் ரிம் சூடாகி டியூபில் அழுத்தம் ஏறும், ஒட்டுப்போட்ட இடம் விடும். ரிம் பிரேக்குள்ள கார்பன் சக்கரமும், லேசான டி.பி.யு. (பிளாஸ்டிக்) டியூபும் இங்கே வேண்டாம். டிஸ்க் பிரேக்கில் லிவர் ஹேண்டில்பார் வரை வருவது போலிருந்தால் உடனே நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளையும்.

வளைவுக்கு முன் நேர்ப்பாதையிலேயே இரண்டு பிரேக்கையும் மூன்று, நாலு நொடி அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிடுங்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட்டு, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வையுங்கள். கொண்டை ஊசியில் அரசுப் பேருந்துக்குச் சாலை முழுக்க வேண்டும். மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் உரிமை என்பது சட்டம். ஆரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிட வேண்டும். பேருந்தின் உள்பக்கம் இடம் இருப்பதுபோல் தெரியும், அது வண்டியின் பின்பகுதி வந்து மூடும் இடம். கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் உதகையிலிருந்து இறங்கவே அனுமதி இல்லை என்பது அந்தச் சரிவைப் பற்றிப் போதுமான எச்சரிக்கை.

ஏறும்போது கழற்றிய காற்றுத்தடுப்புச் சட்டையை உச்சியில் நின்று போடுங்கள், இறங்கத் தொடங்கிய பிறகு அல்ல. விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது.

வெளிநாடு என்றால்

ஐரோப்பாவில் வாழும் தமிழர்களும், விடுமுறையைச் சேர்த்துவைத்துப் போகிறவர்களும் கேட்பது இத்தாலியின் மரத்தோனா தெலெஸ் டோலமைட்ஸ் பற்றி. ஜூலைத் தொடக்கத்து ஞாயிறு, மோட்டார் வண்டிகள் இல்லாத மூடிய சாலை, குலுக்கலில் இடம். மூன்று பாதைகள்: 55 கி.மீ.யில் 1,780 மீட்டர், 106-இல் 3,130, 138-இல் 4,230. வகுத்துப் பாருங்கள்: கி.மீ.க்கு முறையே 32, 29.5, 30.7 மீட்டர். குட்டைப் பாதைதான் மூன்றிலும் அடர்த்தியானது. அதை எளிது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நீளமானதில் மட்டும் வரும் ஜியாவு கணவாய் 9.9 கி.மீ.க்கு 9.3 சதவீதம், உச்சி 2,236 மீட்டர், ஏறத்தாழ உதகையின் உயரம். கல்லட்டியில் 550 மீட்டர் எண்ணைப் பிடிக்கிறவருக்கு 138 கி.மீ. பாதையில் ஏற்றம் மட்டும் ஏழே முக்கால் மணி நேரம். பயணச் செலவோடு பார்த்தால் 106 கி.மீ. பாதையே பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

யாருக்கு எது

மணிக்கு 450 மீட்டருக்குக் கீழே ஏறுகிறவருக்கு இந்த ஆண்டு ஒரே மலை ரைடுகள் போதும். ஏலகிரி, பிறகு ஏற்காடு, பிறகு கோத்தகிரி. 500-ஐத் தாண்டியவர், இறக்கத்தில் நிதானம் வந்தவர், டியூப் மாற்றவும் செயின் இணைக்கவும் தெரிந்தவர் மலை இருநூறுக்குப் போகலாம். வேகம் 500-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, ஆனால் எட்டு நாள் விடுப்பும் பணமும் இருக்கிறது என்றால் நீலகிரிச் சுற்றே மேல். அங்கே பின்தங்கினால் ஏற்றிக்கொள்ள வண்டி வரும், இருநூறில் வராது. சமவெளியில் வேகமானவர் என்ற பெயரை மட்டும் வைத்து எதற்கும் பெயர் கொடுக்க வேண்டாம்.

தேதியையும் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண் சரியும் மாதங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மேட்டுப்பாளையத்தின் வெயில், ஏற்றம் தொடங்கும் முன்பே பாதி பலத்தை எடுத்துவிடும். அப்போது காலை ஐந்து மணிக்குப் பிறகு புறப்படும் ரைடு எதுவானாலும் தள்ளிவிடலாம். ஏற்றத்தில் மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், அதில் ஒரு பாட்டிலாவது எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்தது. அரை மணிக்கு ஒருமுறை ஒரு பூவன் பழமோ இரண்டு பேரீச்சையோ. பசித்த பிறகு சாப்பிட்டால், அது உடம்பில் சேருவதற்குள் இன்னும் நாலு வளைவுகள் போயிருக்கும்.